ஒட்டுக்கேட்ட காலம் – 9: மேசைக்குள் ஒரு காது

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. விற்கிறவரும் வாங்குகிறவரும் எதிரெதிரே நிற்பார்கள். நடுவில் தரகர். தோளில் கிடந்த துண்டு இறங்கி வந்து கைகளை மூடிக்கொள்ளும். துண்டுக்குள் ஒருவர் விரலை இன்னொருவர் பிடிப்பார், மடக்குவார், நீட்டுவார். வாய் என்னவோ மழையைப் பற்றியும் மாங்காய் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். விலை படிந்ததா இல்லையா என்பது அந்த உள்ளங்கைகளுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

ஏன் இந்த மறைப்பு என்று ஒரு கிழத் தரகரிடம் ஒருமுறை கேட்டேன். "சுவத்துக்குக் காது இருக்குன்னு சொல்வாங்க. சந்தையில சுவரே கிடையாது சாமி, எல்லாமே காதுதான். வாயால சொன்னது ஊருக்குப் போயிரும். விரலால சொன்னது விரலோட போயிரும்" என்றார்.

விரலோடு போயிருக்க வேண்டிய பேச்சை டேப்பில் ஏற்றி வைத்த ஒரு மனிதரின் கதை இந்த வாரம். கடந்த எட்டு அத்தியாயங்களில் வந்தவர்கள் எல்லோரும் அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்டவர்கள். இவர் தன் பேச்சைத் தானே ஒட்டுக்கேட்டவர். அவர் பெயர் ரிச்சர்ட் நிக்சன். அவர் பேசியதில் ஒரு பங்கு நம்மைப் பற்றியது.

அவரிடம் போவதற்கு முன் நம்மூர்க்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டுப் போகலாம். ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்த ராஜாஜி, 1962-ல் தன் 83-வது வயதில் அமெரிக்கா போனார். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று கேட்பதற்காகக் காந்தி அமைதி நிறுவனம் அனுப்பிய குழு அது. செப்டம்பர் 28 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் கென்னடியைச் சந்தித்தார். வேட்டி, துண்டு, கறுப்புக் கண்ணாடியோடு அந்தப் பெரியவர் அங்கே நுழைந்தபோது மாளிகையில் ஒரு புதுச் சங்கதி நடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த ஜூலையில்தான் கென்னடி தன் அலுவலக மேசையின் கால் நுழைக்கும் பகுதியிலும், விருந்தாளிகளுக்கு முன்னால் இருக்கும் காபி மேசையிலும் மைக்குகளை ஒளித்து வைக்கச் சொல்லியிருந்தார். பதிவு எந்திரம் அடித்தளத்தில். பொத்தான் கென்னடியின் கைக்கு எட்டும் இடத்தில். வேண்டும்போது அழுத்தலாம், வேண்டாதபோது விட்டுவிடலாம். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

கென்னடிக்குப் பின் வந்த ஜான்சனுக்கு நேர்ப்பேச்சைவிடத் தொலைபேசிமேல்தான் பிரியம். படுக்கையில், சாப்பாட்டு மேசையில், ஏன், குளியலறையில்கூடப் போன் வைத்திருந்த மனிதர். பேச்சு சூடுபிடித்தால் விரலைக் காற்றில் ஒரு சுழற்றுச் சுழற்றுவார். உதவியாளர் எந்திரத்தைப் போட வேண்டும் என்று அர்த்தம். (விரல்மொழி நம் சந்தைக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது.) நூற்றுக்கணக்கான மணி நேரப் பேச்சு அப்படிச் சேர்ந்தது. நம் பொள்ளாச்சி சி.சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சராக இருந்து, 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க வேளாண் அமைச்சரோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்ட காலம் அது. இந்தியாவுக்கு எந்த மாதம் எவ்வளவு கோதுமை போகலாம் என்பதை ஜான்சன் தன் கைப்பிடிக்குள் வைத்துக்கொண்டு, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். இங்கே ராகிக் களி கிண்டிப் பழகிய கைகள் ரேஷன் கோதுமையை வைத்துக்கொண்டு விழித்தன. அந்தக் கதையைப் பிறகு தனியாகச் சொல்கிறேன்.

1969 ஜனவரியில் பதவியேற்ற நிக்சன் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, ஜான்சன் விட்டுப்போன பதிவுக் கருவிகளைப் பிடுங்கி எறியச் சொன்னது. இரண்டு வருடம் கழித்து அவருக்கே மனம் மாறியது. பிற்காலத்தில் நினைவுக் குறிப்புகள் எழுத உதவும், வெளியே போய் யாராவது "அதிபர் என்னிடம் இப்படிச் சொன்னார்" என்று கதை கட்டினால் ஆதாரம் கையில் இருக்கும் என்று கணக்குப் போட்டார். 1971 பிப்ரவரி 16 முதல் ஓவல் அலுவலகத்து மைக்குகள் உயிர்பெற்றன. மேசைக்குள் ஐந்து, கணப்படுப்புப் பக்கத்து விளக்குகளில் இரண்டு. ஏப்ரலில் அவருடைய இன்னொரு அலுவலக அறையும் தொலைபேசி இணைப்புகளும் சேர்ந்துகொண்டன. பதிவு செய்தது சோனி கம்பெனியின் சாதாரண டேப் ரெக்கார்டர்.

கென்னடிக்கும் ஜான்சனுக்கும் இல்லாத ஒரு சிக்கல் இங்கேதான் நுழைகிறது. நிக்சனுக்கு எந்திரம் என்றால் கை நடுங்கும். பொத்தான் வைத்தால் ஒன்று போட மறப்பார், இல்லை அணைக்க மறப்பார் என்று அவருடைய தலைமை உதவியாளர் ஹால்ட்மேன் பயந்தார். எனவே பொத்தானே வேண்டாம் என்று முடிவாயிற்று. அதிபர் அறையில் இருக்கிறார் என்று பாதுகாப்புப் பிரிவின் விளக்கு காட்டினால் போதும், யாராவது வாய் திறந்ததும் எந்திரம் தானாகச் சுழலும். நல்லது, கெட்டது, கெட்ட வார்த்தை எல்லாமே உள்ளே போகும். இரண்டரை ஆண்டில் சுமார் 3,700 மணி நேரம். இதைத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: நிக்சன், ஹால்ட்மேன், அவருக்குக் கீழே இரண்டு பேர், கருவியைப் பராமரித்த பாதுகாப்புப் பிரிவு ஆட்கள் சிலர்.

தெரியாதவர்களில் முக்கியமானவர் ஹென்றி கிஸ்ஸிங்கர். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர். நாளில் பலமுறை அந்த அறைக்குள் போய்வந்தவர். ஆனால் அவர்மேல் பரிதாபப்பட அவசரப்பட வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

1971 நமக்கு என்ன ஆண்டு என்று சொல்லத் தேவையில்லை. மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் கிழக்குப் பாகிஸ்தானின் டாக்காவில் சுடத் தொடங்கியது. ஏப்ரல் 6 அன்று டாக்காவிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட், தன் சகாக்கள் 20 பேர் கையெழுத்துப் போட்ட மறுப்புத் தந்தியை வாஷிங்டனுக்கு அனுப்பினார். கண்ணெதிரே படுகொலை நடக்கிறது, நம் அரசு வாய்மூடி இருப்பது அறமற்றது என்பது அதன் சாரம். பலன்? பிளட் டாக்காவிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். அதே ஏப்ரல் 28 தேதியிட்ட ஒரு குறிப்பின் அடியில் நிக்சன் தன் கைப்பட எழுதினார்: இப்போதைக்கு யாஹ்யாவை நெருக்க வேண்டாம்.

காரணம் சீனா. பீகிங்குக்கும் வாஷிங்டனுக்கும் நடுவில் துண்டுக்குள் விரல் பிடித்துக்கொண்டிருந்த தரகர் பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான். ஜூலையில் இஸ்லாமாபாத் போன கிஸ்ஸிங்கர் வயிற்றுக் கோளாறு என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, விமானம் ஏறி பீகிங் போய்ச் சீனப் பிரதமர் சூ என்லாயைப் பார்த்துவிட்டு வந்தார். தரகு முடியும்வரை தரகரின் மனம் கோணக்கூடாது. இதற்குள் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த அகதிகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒரு கோடியை நோக்கிப் போனது.

இவ்வளவும் காகிதத்தில் இருக்கிறது. டேப் இல்லாமலே வரலாற்றாசிரியர்கள் எழுதியிருப்பார்கள்: சீன உறவு, சோவியத் போட்டி, வல்லரசுச் சமநிலை. பெரிய பெரிய சொற்கள், நல்ல கனமான அத்தியாயங்கள். காகிதத்தில் ஏறாத ஒன்றை டேப் பிடித்து வைத்தது. எரிச்சல்.

நவம்பர் 4 அன்று இந்திரா காந்தி ஓவல் அலுவலகத்தில் நிக்சனைச் சந்தித்தார். இந்தப் பக்கம் இந்திராவின் செயலாளர் பி.என்.ஹக்ஸர், அந்தப் பக்கம் கிஸ்ஸிங்கர். அதிகாரபூர்வக் குறிப்பைப் படித்தால் இரண்டு நாட்டுத் தலைவர்கள் கண்ணியமாகக் கருத்து வேறுபட்டதாகத் தெரியும். மறுநாள் காலை அதே அறையில் நிக்சன், கிஸ்ஸிங்கர், ஹால்ட்மேன் மூன்று பேர். மேசைக்குள் காது விழித்திருக்கிறது. நேற்று அந்தக் கிழட்டுச் சூனியக்காரியிடம் ரொம்பவே குழைந்துவிட்டோம் என்கிறார் நிக்சன். கிஸ்ஸிங்கர் இந்தியர்களைத் தகப்பன் பெயர் தெரியாதவர்கள் என்ற பொருளில் வரும் வசவால் திட்டி, அங்கே போரைத் தொடங்கப் பார்க்கிறார்கள் என்கிறார். பிரதமரையும் அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல்லால் குறிப்பிடுகிறார். அதோடு நிற்கவில்லை. நேற்று நாம் நடந்துகொண்டது நல்லதுதான், அமெரிக்கா மரியாதை காட்டவில்லை, அதனால் வேறு வழியின்றிப் போருக்குப் போனேன் என்று இனி அந்த அம்மையார் ஊருக்குப் போய்ச் சொல்ல முடியாது என்று கணக்குப் பார்க்கிறார்.

வசவைப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. எனக்கு அந்தக் கணக்குதான் முக்கியமாகப் படுகிறது. விருந்தாளிக்குக் கொடுத்த மரியாதை, பின்னால் காட்டுவதற்கான ரசீது.

இப்போது கிஸ்ஸிங்கர் பக்கம் வருவோம். இவர் பேச்சு டேப்பில் ஏறுவது இவருக்குத் தெரியாது என்றேன். ஆனால் அதிபர் பேச்சை இவரும் பதிவு செய்துகொண்டிருந்தார்! கிஸ்ஸிங்கரின் அலுவலகத் தொலைபேசிக்குப் பேச்சு வெளியே போகாத ஊமை இணைப்பு ஒன்று இருந்தது. செயலாளர்கள் அதில் காதை வைத்துச் சுருக்கெழுத்தில் எடுப்பார்கள். பிறகு எந்திரப் பதிவும் வந்தது. தட்டச்சு செய்து முடித்ததும் டேப் அழிக்கப்படும், காகிதம் மட்டும் கோப்புக்குப் போகும். அதிபரோ அமைச்சரோ நண்பரோ, எதிர்முனையில் இருப்பது யாராக இருந்தாலும் இதுதான் நடைமுறை. இதற்கு முன்பே, 1969 மே மாதம் தொடங்கி, ரகசியம் கசிகிறது என்று சொல்லி 17 பேரின் தொலைபேசிகளை எஃப்.பி.ஐ. மூலம் ஒட்டுக்கேட்க வைத்ததிலும் அவர் அலுவலகத்துக்குப் பங்கு உண்டு. அதில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். அதிபர் ஆலோசகரைப் பதிவு செய்கிறார். ஆலோசகர் அதிபரைப் பதிவு செய்கிறார். ஒருவருக்கு ஒருவர் தெரியாது. நம்மூரில் இதைத்தான் எத்தனுக்கு எத்தன் என்பார்கள்.

டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமானத் தளங்களைத் தாக்கின. போர் தொடங்கியது. மறுநாள், டிசம்பர் 4, நிக்சனும் கிஸ்ஸிங்கரும் தொலைபேசியில் பேசுகிறார்கள். இந்தப் பேச்சு கிஸ்ஸிங்கரின் கோப்பிலிருந்து நமக்குக் கிடைத்தது. யாஹ்யாவிடமிருந்து அவசர வேண்டுகோள், ராணுவத் தளவாடம் தீர்ந்துகொண்டிருக்கிறது, ஈரான் வழியாக உதவ முடியுமா என்று கேட்கிறார் என்கிறார் கிஸ்ஸிங்கர். முடியுமா என்கிறார் நிக்சன். ஈரான் கொடுக்கட்டும், அவர்களுக்கு நாம் பிறகு ஈடுகட்டுவோம் என்று சொன்னால் ஆகும் என்று பதில். நிக்சன் ஒத்துக்கொள்கிறார். கசிந்தால் மறுத்துவிடலாம், நமக்கு ஒரு படி தள்ளியே நடக்கட்டும் என்பது அவர் உத்தரவு.

ஒரு படி தள்ளி! துண்டு போர்த்துவதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் நான் கேட்டதில்லை.

சிக்கல் என்னவென்றால் அது சட்டவிரோதம். 1965 போருக்குப் பிறகு பாகிஸ்தானுக்கு ஆயுதம் கொடுப்பதற்கு அமெரிக்காவே தடை போட்டிருந்தது. அமெரிக்கா ஒரு நாட்டுக்குக் கொடுத்த ஆயுதத்தை அந்த நாடு மூன்றாம் நாட்டுக்குக் கொடுக்க வேண்டுமானால் அமெரிக்காவின் சம்மதம் வேண்டும். தானே கொடுக்க முடியாத இடத்துக்கு அடுத்தவர் கொடுக்கச் சம்மதிக்கவும் முடியாது. வெளியுறவுத் துறையும் ராணுவத் துறையும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டன. போர் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில் ஓர் உரையாடல் டேப்பில் இருக்கிறது. இது உண்மையிலேயே அவ்வளவு சட்டவிரோதமா என்று நிக்சன் கேட்கிறார். ஆமாம் என்று கிஸ்ஸிங்கர் ஒத்துக்கொள்கிறார். இதைவிட மோசமானதெல்லாம் செய்திருக்கிறோமே என்கிறார் நிக்சன். அப்போது அந்த அறையில் இருந்த மூன்றாவது ஆள் ஜான் மிட்செல். அவர் யார்? நாட்டின் சட்ட அமைச்சர்.

ஜோர்டானின் எஃப்-104 விமானங்கள் பாகிஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்தன. டிசம்பர் 10 அன்று நியூயார்க்கில் ஒரு ரகசிய வீட்டில் சீனத் தூதர் ஹுவாங் ஹுவாவைப் பார்த்த கிஸ்ஸிங்கர் இதையே பக்குவமாக எடுத்துச் சொன்னார். ஜோர்டானும் ஈரானும் தங்கள் பாதுகாப்புக்காக ஆயுதம் அனுப்புவதாக முடிவெடுத்தால் நாங்கள் ஆட்சேபிக்க வேண்டியிருக்கும், ஆனால் ரொம்பக் கடுமையாக ஆட்சேபிக்க மாட்டோம், புரிந்துகொள்வோம் என்று சொன்னதாக அவரே விளக்கினார். சந்தைத் தரகர்கள் இவரிடம் பாடம் படிக்கலாம்.

அந்த 1971 டிசம்பர் 10 தொரப்பள்ளிப் பெரியவருக்கு 93 வயது நிறைந்த நாள். அன்றைக்குத்தான் வியட்நாம் கடலில் நின்றிருந்த எண்டர்பிரைஸ் என்ற அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலைத் துணைக்கப்பல்களோடு வங்காள விரிகுடாவை நோக்கிக் கிளப்ப உத்தரவு போனது. நம்முடைய விக்ராந்த் சுமார் 20,000 டன். எண்டர்பிரைஸ் அதைப் போல நான்கு மடங்கு. டாக்காவில் சிக்கிய அமெரிக்கர்களை மீட்க என்று வெளியே சொன்னார்கள். உள்ளே நடந்த பேச்சு வேறு. கிழக்கு கையைவிட்டுப் போய்விட்டது, மேற்குப் பாகிஸ்தானையும் இந்தியா நொறுக்கிவிடும், அதைத் தடுக்க இந்தியாவையும் ரஷ்யாவையும் மிரட்ட வேண்டும் என்பதே அதன் சாரம். இந்தப் பயத்துக்கு அவர்கள் காட்டிய ஆதாரம் இந்திரா காந்தியின் அமைச்சரவையில் பேசப்பட்டதாக சி.ஐ.ஏ. அனுப்பிய தகவல். டெல்லியிலும் ஏதோ ஒரு காது இருந்திருக்கிறது.

அப்போது போச்சம்பள்ளி தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. சிப்காட்டும் கிடையாது, ஸ்கூட்டர் தொழிற்சாலையும் கிடையாது. உலகச் செய்தி வந்து சேர்வது பஞ்சாயத்து ரேடியோ வழியாகத்தான். அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படை வருகிறது என்று செய்தியில் சொன்ன மாலை, ரேடியோ அடியில் கூடியிருந்தவர்களில் ஒருவர், "ஏழாவது வருது சரி, மீதி ஆறும் எங்க நிக்குது?" என்று கேட்டாராம். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்துவிட்டு, "அன்னிக்கு யாருமே சிரிக்கலடா" என்பதையும் சேர்த்துக்கொள்வார்.

கப்பல் விரிகுடாவுக்குள் நுழைந்தது டிசம்பர் 15. மறுநாள் டாக்காவில் ஜெனரல் நியாசி சரணடைந்தார். 93,000 பேர் கைதிகள். மிரட்ட வந்த கப்பலுக்கு மிரட்ட ஆளில்லை.

ஆனால் வாஷிங்டனில் வேறொரு போர் தொடங்கிவிட்டது. டிசம்பர் நடுவிலேயே ஜாக் ஆண்டர்சன் என்ற பத்தி எழுத்தாளர் ரகசியக் கூட்டக் குறிப்புகளிலிருந்து எடுத்துப் போட ஆரம்பித்தார். இந்தியாவிடம் போதுமான கடுமை காட்டவில்லை என்று அதிபர் அரைமணிக்கொரு தரம் என்னைத் திட்டித் தீர்க்கிறார், பாகிஸ்தான் பக்கம் சாய வேண்டும் என்கிறார் என்று டிசம்பர் 3 கூட்டத்தில் கிஸ்ஸிங்கர் அதிகாரிகளிடம் சொன்னது அச்சில் வந்துவிட்டது. அதே கிஸ்ஸிங்கர் டிசம்பர் 7 அன்று நிருபர்களிடம், நாங்கள் இந்தியாவுக்கு எதிரி இல்லை என்று விளக்கியிருந்தார். 'சாய்வு' என்ற அந்த ஒரு சொல் பல ஆண்டுகள் நிலைத்தது. ஆண்டர்சனுக்கு 1972-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

கசியவிட்டது யார்? சந்தேகம் சார்லஸ் ராட்ஃபோர்டு என்ற கடற்படை எழுத்தர் மேல் விழுந்தது. ராணுவத் தலைமைக்கும் கிஸ்ஸிங்கர் அலுவலகத்துக்கும் நடுவே இருந்த தொடர்பு அலுவலகத்தில் சுருக்கெழுத்து எடுப்பவர். அதற்கு முன் டெல்லி அமெரிக்கத் தூதரகத்தில் வேலை பார்த்தவர். டெல்லியில் இருந்தபோதுதான் ஆண்டர்சனின் பெற்றோர் பழக்கமானார்கள். விசாரித்தார்கள். ஆண்டர்சனுக்கு நான் எதுவும் தரவில்லை என்று கடைசிவரை சாதித்தார். ஆனால் யாரும் கேட்காத இன்னொன்றைச் சொன்னார். கிஸ்ஸிங்கரின் பெட்டியிலிருந்தும், எரிப்பதற்காகக் கட்டிவைத்த காகிதப் பைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான ரகசியத் தாள்களை நகலெடுத்து முப்படைத் தலைமைக்குக் கொடுத்து வந்திருக்கிறார். ஜூலையில் கிஸ்ஸிங்கர் ஆசியப் பயணம் போனபோது கூடவே போய் அங்கேயும் அதே வேலை.

டிசம்பர் 21 மாலை இதை நிக்சனிடம் சொல்கிறார்கள். அதுவும் டேப்பில் இருக்கிறது. தன் ராணுவமே தன்னை வேவு பார்த்தது என்று கேட்ட அதிபர் கொதிக்கிறார், பிறகு ஆறுகிறார், பிறகு மூடி மறைக்கச் சொல்கிறார். வெளியே வந்தால் சீனா போவதற்கு முன் ராணுவத்தின் பெயரும் தன் பெயரும் சேர்ந்து கெடும். ராட்ஃபோர்டை ஓரிகனுக்கு மாற்றிவிட்டு, அங்கே அவருடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்க ஏற்பாடு செய்தார்கள்.

இங்கே யார் யாரை ஒட்டுக்கேட்டார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தேன். முப்படைத் தலைமை கிஸ்ஸிங்கரை, கிஸ்ஸிங்கர் அதிபரையும் தன் ஆட்களையும், அதிபர் எல்லோரையும், சி.ஐ.ஏ. இந்திரா காந்தியின் அமைச்சரவையை. கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடித் தாள் கோலம் போட்டதுபோல் ஆகிவிட்டது. ஒரு புள்ளியிலாவது ஒருவர் மனதில் பட்டதை நேராகச் சொல்லியிருக்கிறாரா என்றால், ஆர்ச்சர் பிளட்டின் தந்திதான் கண்ணில் படுகிறது. அவர் அதைச் சகாக்களின் கையெழுத்தோடு, தனக்கும் அதே கருத்துதான் என்று சொல்லி, திறந்த முகத்தோடு அனுப்பினார்.

வாட்டர்கேட் கதை வாசகர்களுக்குத் தெரியும், வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1973 ஜூலை 16 அன்று செனட் விசாரணையில் அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்டு என்ற முன்னாள் உதவியாளர், கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னார்: ஆமாம், அதிபர் அலுவலகத்தில் பதிவுக் கருவிகள் இருந்தன. இரண்டு நாளில் எந்திரங்கள் நிறுத்தப்பட்டன. டேப்பை எரித்திருந்தால் நிக்சன் தப்பியிருப்பார் என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. அவர் எரிக்கவில்லை. 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பில் டேப்புகளை ஒப்படைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகினார். 1971-ல் இந்தியாவும் சோவியத் யூனியனும் நட்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு நிக்சனை எரிச்சலூட்டியதும் ஓர் ஆகஸ்ட் 9-தான். நாட்காட்டிக்குச் சில நேரம் நையாண்டி வரும்.

அவர் விழுந்தது வாட்டர்கேட் டேப்புகளால். இந்தியா பற்றிய டேப்புகளை அப்போது யாரும் தேடவில்லை, அவை பெட்டியில் தூங்கின. கிஸ்ஸிங்கர் பதவியை விட்டுப் போகும்போது தன் தொலைபேசிப் பேச்சுத் தாள்களைச் சொந்தச் சொத்துபோல எடுத்துப்போய், பிறர் பார்க்கக்கூடாது என்ற நிபந்தனையோடு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கொடுத்து வைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயும் 1980-ல் அவர் பக்கமே ஜெயித்தது. 2001-ல் வழக்கு மிரட்டல்களுக்குப் பிறகுதான் நகல்கள் அரசுக்கு வந்தன. 2004 மே மாதம் நிக்சன் காலத்துத் தாள்கள் சுமார் 20,000 பக்கம் பொதுமக்களுக்குத் திறந்தன.

2005 ஜூனில் அமெரிக்க வெளியுறவுத் துறையே 1971 தெற்காசிய நெருக்கடி பற்றிய ஆவணத் தொகுதியை வெளியிட்டது. அந்த நவம்பர் 5 காலைப் பேச்சு அப்போதுதான் வெளிவந்தது. இந்திரா காந்தி மறைந்து 21 ஆண்டு ஆகப்போகிறது. நிக்சன் போய் 11 ஆண்டு. கிஸ்ஸிங்கர் மட்டும் இருந்தார். ஓர் இந்தியத் தொலைக்காட்சிக்குக் கொடுத்த பேட்டியில் வருத்தம் தெரிவித்தார். பனிப்போர்க் காலத்துச் சூழலில், எரிச்சலான சந்திப்புக்குப் பிறகு வந்த சொற்கள் அவை, திருமதி காந்திமேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு என்றார். 2020-ல் இன்னும் சில டேப்புகளின் மறைக்கப்பட்ட பகுதிகள் திறந்தன. அவற்றில் நிக்சன் இந்தியப் பெண்களைப் பற்றிப் பேசியதை இந்தப் பத்திரிகையில் எழுத மாட்டேன். 2023 நவம்பரில் நூறு வயதில் கிஸ்ஸிங்கர் இறந்தார்.

போன மாதம் மறுபடி சந்தைக்குப் போயிருந்தேன். துண்டு இன்னும் இருக்கிறது. ஆனால் மாட்டைச் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் கையில் செல்போன், வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. தரகர் கையைத் துண்டுக்குள் நுழைத்தவர், ஒரு பையனைப் பார்த்து, "டேய், அதை அணைடா" என்றார். பையன் அணைத்த மாதிரிதான் தெரிந்தது.

(அடுத்த வாரம்: ஓசூர் எல்லையைத் தாண்டி 40 கிலோமீட்டர். 1988 ஆகஸ்ட், பெங்களூரு. நேர்மைக்குப் பெயர்போன ஒரு முதலமைச்சர், தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் ராஜினாமா செய்கிறார். ராமகிருஷ்ண ஹெக்டே வருகிறார்.)